அருவிக்கரையில் ஊட்டிக் கட்டுரை

திற்பரப்பு அருவியின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் வீடு. கோதையாறு பெருகிவந்தால் ராத்திரி தூக்கத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் ஆங்கிலப் பரீட்சையில் ‘நீ பார்த்த சுற்றுலாத் தலம் பற்றி எழுது’ என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டியைப் பற்றி எழுதும்! தாவரவியல் பூங்கா, படகுச் சவாரி, பொம்மை ரயில், கடைசியில் ‘வீ என்ஜாய்டு எ லாட்’ என்று ஒரு முத்தாய்ப்பு. ஊட்டியை அது கண்ணால் கண்டதில்லை. கைடு எழுதியவர் கண்டிருக்கலாம். அதுகூட நிச்சயமில்லை.

பக்கத்து பெஞ்சுப் பையனும் அதே ஊட்டிதான், அதே பொம்மை ரயில்தான். நாற்பது பேரும் ஒரே வண்டியில் போய்வந்தவர்கள்போல எழுதுவார்கள். திருத்துகிறவருக்கும் சௌகரியம். இதற்குப் பெயர் ஆங்கிலம் கற்பித்தலாம்!

திற்பரப்பைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டப் பகுதிப் பள்ளிகளில் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. வரவிடாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாம்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு. 1809-லேயே மயிலாடியில் பள்ளிக்கூடம் வைத்த பாதிரியார் ரிங்கல்தௌபே வந்த மண். அவர் ஜெர்மானியர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி கிடையாது. இத்தனை பெருமை பேசுகிற ஊரில், பத்து வருடம் ஆங்கிலம் படித்த பையன் முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து வழி கேட்டால் பையன் ஓடி ஒளிகிறான். அதே பையன் மலையாளம் சரளமாகப் பேசுவான். யார் சொல்லிக்கொடுத்தது? எந்த ரென் அண்டு மார்ட்டினைப் புரட்டினான்? சினிமாவில் கேட்டான், பஸ்ஸில் கேட்டான், களியக்காவிளை சந்தையில் விலை பேசினான். தேவை இருந்தது, வந்துவிட்டது.

ஒருநாள் கைடை மூடிவைக்கச் சொன்னேன். ‘உங்க வீட்ல யாரு முதல்ல எழும்புவா? அதை எழுதுங்க. ஸ்பெல்லிங் தப்பானா பரவாயில்ல.’ வகுப்பு திகைத்து உட்கார்ந்துவிட்டது. இதற்கு எந்தப் பக்கத்தில் விடை? கால் மணி நேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாள் வந்தது. ‘மை ஃபாதர் வேக் த்ரீ ஓ கிளாக். ஹெட்லைட். கட் ரப்பர். ரெயின் டே நோ டாப்பிங். நோ டாப்பிங், நோ மணி.’

இலக்கணப்படி அதில் தேறுகிற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையால் கோடு போட்டால் தாள் முழுக்க ரத்தக்களறிதான். ஆனால், பொய் இல்லாத ஆங்கிலம். ‘மழை பெய்தா ஏன் பால் வெட்ட முடியாது?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்கு வெட்டுவேலை தெரியாது என்பது அவனுக்கு ஆச்சரியம். சொல்லிப் பார்த்தான். வார்த்தை முட்டியது. ‘சாரே, தண்ணி சிரட்டையில விழுந்திரும், அதுனாலன்னு எப்பிடிச் சொல்லணும்?’ என்று கேட்டான்.

‘பிகாஸ்’ என்று சொன்னேன். மூன்று வருடம் பாடப்புத்தகத்தில் பார்த்த சொல்தான் அது. அன்றைக்குத்தான் அவனுக்குத் தேவைப்பட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு ‘பிகாஸ்’ போட்டுப் பேசினான். வாத்தியார் வேலையில் சம்பளத்துக்கு மேலே ஏதாவது கிடைக்கிறதென்றால் இது மாதிரி ஐந்து நிமிடங்கள்தான்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. என்.எஸ்.பிரபு என்கிற நம்மவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் நடத்திக் காட்டியதுதான். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ரயில் கால அட்டவணையைக் கொடுத்தார், வரைபடத்தைக் கொடுத்தார். ‘இந்த ரயிலை விட்டால் அடுத்தது எப்போது?’ என்று கேட்டார். பிள்ளைகள் விடையைத் தேடின, போகிற வழியில் மொழி ஒட்டிக்கொண்டது. குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். பரிசோதித்தவர்கள் இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறைப் பிள்ளைகளே முந்தியதாகவும் எழுதினார்கள். ஆனாலும் 1987-ல் அவர் எழுதிய புத்தகத்தை மொழி கற்பித்தலுக்குப் படிக்கிறவர்கள் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனை, வெளிநாட்டுக்குப் போய்ப் பாடமாகிவிட்டது. நமக்கு இன்னும் கைடுதான்.

நாம் செய்த பரிகாரம் வேறு. அரசுப் பள்ளிகளில் 2013-14 முதல் பரவலாக ஆங்கில வழிப் பிரிவு திறந்தோம். தனியார் பள்ளிகளோ எப்போதும் அதே போர்டுதான். முன்பு ஆங்கிலத்தை மட்டும் புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, இப்போது அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்துப் புரியாமல் மனப்பாடம் செய்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். பால் வெட்டுகிற மனிதர் தன் மகன் கையிலும் அந்தக் கத்தி போகக் கூடாது என்று நினைப்பது தப்பா? அவருடைய அந்த ஆசையைத்தான் காசாக்குகிறார்கள்.

ஆசிரியர்களும் பாவம்தான். ஐம்பது பிள்ளைகள், முக்கால் மணி நேரம், எமிஸ் பதிவு, தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு நூறு மார்க். நூறும் எழுத்துக்குத்தான். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். பிறகு எந்த மடையன் வகுப்பில் பேசவைத்து நேரத்தை வீணாக்குவான்?

ஒரே ஒரு கேள்வியை மாற்றச் சொல்கிறேன். மகா சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்தில் சிவாலய ஓட்டம். திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்கள், திற்பரப்பு மூன்றாவது. ஓடுகிறவர்கள் சிவன் பெயரைச் சொல்வதில்லை, ‘கோபாலா, கோவிந்தா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு ஆங்கிலத்தில் விளக்கு. இவ்வளவுதான் கேள்வி. திற்பரப்புப் பிள்ளை பாட்டியிடம் போய்க் கேட்கும். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு, ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு அந்தந்த ஊரில் ஒரு ‘ஏன்’ இருக்காதா?

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். மேடையிலிருந்த ஒருவர் உடனே மறித்தார்: ‘ஆளுக்கொரு பதில் வருமே சார், விடைக்குறிப்பு எப்படித் தயாரிப்பது, மார்க் எப்படிப் போடுவது?’

படித்துப் பார்த்துப் போடுங்கள் ஐயா!