பாலைவனம் பார்க்கப் போகிறோம்



எங்கள் வயதுப் பெண்களிடம் "எங்கெங்கே பயணம் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்து போன ஊர்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அதன் பிறகு முகாம், ஆளைத் தேடித் தடுப்பு முகாம்களுக்கு அலைந்தது, ஆஸ்பத்திரி, கச்சேரி. சிலருடைய வரிசையில் குவைத்தும் றியாத்தும் சேரும். இவற்றில் ஒன்றுகூட ஆசைப்பட்டுப் போன பயணமில்லை. புறப்படும் நாளையும் போகும் வழியையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

நாங்களே தீர்மானிக்கும் ஒரு பயணத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். வருகிற தை மாதம் நாங்கள் மூன்று பெண்கள் இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்துக்குப் போக ஆயத்தம் செய்கிறோம். முகவர் கிடையாது. கூட்டிக்கொண்டு போக ஆண் துணையும் கிடையாது. ஒருவர் வீட்டிலிருந்து தையல் செய்பவர். ஒருவர் பதினொரு வருடம் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்து திரும்பியவர். மூன்றாவது ஆள் நான். மூவருக்கும் கணவர் இல்லை. மூவரும் இரண்டு வருடமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசுதான் முதல்.

ஏன் பாலைவனம் என்று கேட்பீர்கள். வளைகுடாவிலிருந்து வந்த அக்கா சொன்ன காரணம் இதுதான்: "பதினொரு வருசம் மணல் நாட்டில இருந்தனான். மணலைக் கண்டது எயார்போட்டுக்குப் போன வாகனத்தின்ர கண்ணாடிக்குள்ளால மட்டும்தான். ஒருக்கா அதில காலை வைச்சு நடக்கோணும்." அதற்கு மேல் நாங்கள் காரணம் தேடவில்லை.

எப்போது, எந்த வழி

தார்ப் பாலைவனம் ஏறக்குறைய 2 இலட்சம் சதுர கிலோமீற்றர். எங்கள் நாட்டைப் போல மூன்று மடங்கு. அதன் பெரும் பகுதி இராஜஸ்தானில் இருக்கிறது; ஒரு பகுதி பாக்கிஸ்தானிலும் உண்டு. சித்திரை, வைகாசியில் அங்கே போக நினைக்கவே கூடாது. 2016 மே மாதம் பலோடி என்ற ஊரில் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாகியது. கார்த்திகை முதல் மாசி வரையான காலமே நல்லது. அப்போதும் பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். ஆகவே பருத்திச் சேலையோடு கம்பளிச் சட்டையும் காலுறையும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன.

வடக்கில் இருப்பவர்களுக்கு வழி முன்னரைவிடச் சுலபமாகியிருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் கப்பல் தொடங்கியது. இவை இடைக்கிடை நின்று தொடங்குவதால், போகிற மாதத்தில் ஓடுகிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். இணையத்தில் எடுக்கும் இந்திய வீசா எந்த விமான நிலையத்தில், எந்தத் துறைமுகத்தில் செல்லும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா இறங்குதுறையிலும் அது செல்லாது.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு றெயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் செல்லும். இந்திய றெயில்களில் இருக்கை முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களும் உண்டு. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். ஒரு பகல் பயணம். இரவில் போய் நடுச்சாமத்தில் இறங்கும் பயணம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டோம்.

பழைய சந்தை நகரங்கள்

ஜோத்பூர் 1459இல் ராவ் ஜோதா என்ற அரசன் கட்டிய நகரம். மலைமேல் மெஹ்ரான்கார் கோட்டை, கீழே நீலம் பூசிய வீடுகள், நடுவில் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிச் சர்தார் சந்தை. மிளகாய், வளையல், சாயத்துணி, பித்தளை எல்லாம் அங்கே கிடைக்கும். சந்தைக்கு அருகே தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறு இருக்கிறது. 1740களில் அரசியொருவர் ஊருக்காகக் கட்டுவித்தது. எங்கள் கேணிகளைப் போலப் படியிறங்கித் தண்ணீர் அள்ளலாம். ஆழமும் கல்வேலையும் பல மடங்கு.

ஜெய்சல்மேர் அதைவிடப் பழையது. 1156இல் மஞ்சள் கல்லால் எழுப்பிய கோட்டை. இன்றும் அதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. இந்தியாவிலிருந்து சிந்துக்கும் அதற்கப்பால் பாரசீகத்துக்கும் போன ஒட்டக வணிகர் இவ்வழியே வந்து தங்கினார்கள். அந்த வருமானத்தில் வணிகக் குடும்பங்கள் கட்டிய மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. பட்வா என்ற குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐந்து பிள்ளைகளுக்கென ஐந்து வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டியது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது வணிகம் கடலுக்குப் போனது. 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது பழைய பாதையே அடைபட்டது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முன் நின்று "இதில் இருந்தவர்கள் எங்கே?" என்று கேட்பது எங்களுக்குப் புதிதில்லைதானே.

அவ்வூர்க் கதையொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கடிசர் ஏரிக்குப் போகும் வழியில் அழகான வாயில் ஒன்றுண்டு. தீலோன் என்ற கணிகைப் பெண் தன் காசில் அதைக் கட்டினாளாம். அப்படிப்பட்டவள் கட்டிய வாயிலுக்குள்ளால் நாங்கள் போவதா என்று அரண்மனைப் பெண்கள் எதிர்த்தார்களாம். அவள் வாயிலின் மேலே ஒரு கண்ணன் கோயிலை வைத்துவிட்டாளாம். கோயிலை இடிக்க எவருக்கும் துணிவு வரவில்லை. கதை எவ்வளவு உண்மையோ, வாயில் இன்றும் நிற்கிறது.

கோட்டையைப் பற்றி ஒரு சொல். உள்ளே தங்கும் விடுதிகள் பல உண்டு. ஆனால் அங்கே பாவிக்கும் தண்ணீர் கசிந்து கோட்டையின் அடித்தளம் தளர்ந்துகொண்டு வருகிறது. ஆகவே வெளியே தங்கி, பகலில் போய்ப் பார்க்கப் போகிறோம்.

தண்ணீரும் மரமும்

ஜெய்சல்மேரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 200 மில்லிமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் ஆயிரத்துக்கு மேல். அந்தச் சொற்ப மழையைச் சேர்க்க நிலத்தின் கீழ் 'டாங்கா' என்ற தொட்டி கட்டுவார்கள். சுற்றியுள்ள தரையைச் சரிவாக்கி, விழும் நீரெல்லாம் வாய் வழியே உள்ளே போகச் செய்வார்கள். எங்கள் பக்க வீட்டுத்திட்டங்களில் மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். அதை எப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அங்குள்ள பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

கேஜ்ரி என்ற மரத்தின் காயைக் காயவைத்துக் கறி சமைப்பார்கள். அந்த மரத்தை வெட்ட வந்தபோது 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார். அவரோடு சேர்த்து 363 பேர் இறந்ததாக பிஷ்னோய் மக்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள்.

எல்லையோரத்துத் தையல்காரிகள்

எங்கள் தையல்காரச் சகோதரி இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தது பார்மேர் மாவட்டத்தின் கைவேலைக்காக. 1971 போரின்போது சிந்துப் பகுதியின் தார்பார்க்கரிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் எல்லை தாண்டி இங்கே வந்தன. காணியும் மாடும் அங்கேயே நின்றுவிட, பெண்களின் கையிலிருந்த தையல் மட்டும் கூட வந்தது. அதில் 'சூஃப்' என்று ஒரு வகை. படம் கீறுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். முன்பக்கத்தில் முக்கோணங்களாகக் கோலம் விழும்.

பார்மேர்ப் பெண்ணான ரூமா தேவி 2006 அளவில் பத்துப் பெண்களோடு தலைக்கு 100 ரூபா போட்டு ஒரு பழைய தையல் இயந்திரம் வாங்கித் தொடங்கினார். பின்னர் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேலையில் சேர்ந்தார்கள். 2018ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. சீட்டுக் காசை எண்ணிப் பழகிய எங்களுக்கு அந்த 100 ரூபாவின் பெறுமதி தெரியும்.

எல்லைக்கு அப்பால் உறவினரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு றெயில் இருந்தது. 1965 போரில் அடைபட்ட பாதை 2006இல் 'தார் எக்ஸ்பிரஸ்' என்று திறந்தது. 2019 ஓகஸ்டில் மறுபடி நின்றது. 2025 மே மாதம் இரு நாடுகளும் மோதியபோது இந்த எல்லை நகரங்களில் இரவில் விளக்கணைத்து இருந்தார்கள். ஆகவே எங்கள் திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: எல்லையில் பதற்றமென்றால் போகமாட்டோம். எல்லைக்கு அண்மையான பகுதிகளுக்கு வெளிநாட்டவர் முன் அனுமதி பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஜோத்பூர்க் கடைகளிலேயே அந்தத் தையலைப் பார்த்துக்கொள்வோம்.

கைக்காவல்

உங்களில் யாராவது போவதென்றால் உதவும் என்று நாங்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தருகிறேன்.

காசை நான்காகப் பிரித்தோம்: வழிச்செலவு, தங்குமிடம், சாப்பாடும் உள்ளூர்ப் பயணமும், கடைசிப் பங்கு அவசரத்துக்கு. கடைசிப் பங்கைச் சந்தையில் தொடுவதில்லை.

வெளிநாட்டவரைப் பதிவு செய்ய விடுதிக்காரர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அது அனுப்பாத மலிவு விடுதிகள் வாசலில் வைத்தே திருப்பி விடுவார்கள். முதலே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கான இடம் ஊரிலிருந்தே உறுதியாக இருக்கட்டும்.

ஒட்டகச் சவாரி பகலில் மட்டும், மூவரும் சேர்ந்து, பொழுது சாய முதல் திரும்புவதாக. மணற்குன்றில் இரவு தங்கும் ஆசையை இந்த முறை விட்டுவிட்டோம்.

கடவுச்சீட்டின் பிரதி மூவரிடமும் வீட்டிலும் இருக்கும். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு ஒரே ஆளுக்கு அழைப்பு எடுப்போம். இந்தியாவில் அவசர இலக்கம் 112, பெண்களுக்கான உதவி 181, றெயிலில் 139. சந்தையில் சொன்ன விலையைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

ஊர் என்ன சொல்லும்

சொல்லத் தொடங்கிவிட்டது. "புருசன் இல்லாததுகளுக்கு ஊர் சுத்திற ஆசை" என்று ஒருவர் கடையடியில் சொன்னாராம். வளைகுடாவுக்குப் போய் அக்கா காசு அனுப்பியபோது இதே வாய் ஒன்றும் சொல்லவில்லை. பிறருக்காக உழைக்கப் போனால் தியாகம், தனக்காக ஒரு கிழமை போனால் ஊர்சுற்றல். இந்தக் கணக்கை யார் எழுதினார்கள்?

மெஹ்ரான்கார் கோட்டையின் இரும்பு வாயிலருகே சுவரில் சிறிய கைகளின் அச்சு இருக்கிறது. 1843இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய அவருடைய மனைவியர் போகும்போது பதித்துவிட்டுப் போனவை. கணவன் போனபின் பெண்ணுக்கு வாழ்வில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அது மிகப் பழைய கதையும் அல்ல. 1987இல் இராஜஸ்தானில் ஓர் இளம் பெண் அப்படி இறந்த பிறகுதான் இந்தியா அதற்கெதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. எங்கள் ஊரில் எவரும் நெருப்பு மூட்டுவதில்லை. பூவும் பொட்டும் நல்ல நிறச் சேலையும் மங்கல வீட்டு முன்வரிசையும் ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். அந்தக் கைகளின் முன்னால் நாங்கள் மூன்று கைம்பெண்களும் சிறிது நேரம் நிற்க விரும்புகிறோம். அதன் பிறகு சந்தைக்கு இறங்கிப் போய், ஆளுக்கொரு சோடி வளையல் வாங்குவோம். நிறத்தை அங்கே போய்த் தீர்மானிக்கிறோம்.

சகோதரிகளே, எல்லோரிடமும் விமானத்துக்குக் காசு இராது. தேவையுமில்லை. உங்கள் ஊரிலிருந்து 20 கிலோமீற்றருக்குள், இதுவரை ஆசைப்பட்டும் போகாத ஓரிடம் இருக்கும். கடலாகவோ குளமாகவோ கோயிலாகவோ இருக்கலாம். உங்கள் மாதர் சங்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளையும் பஸ்ஸையும் நீங்களே தெரிவு செய்யுங்கள். பொரிவிளாங்காயோ கட்டுச்சோறோ கொண்டு போங்கள். போய்வந்தபின் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். நாங்கள் திரும்பி வந்ததும் எங்கள் செலவுக் கணக்கை, டாங்காக் குறிப்போடு சேர்த்து, இங்கேயே தருகிறேன்.