ரப்பர் போனால் கார் போகும்!

ஓசூரில் புது வண்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை இங்கே 1980-ம் ஆண்டில் வந்தது. டி.வி.எஸ். மொபெட்டும் அதே ஆண்டில் புறப்பட்டது. இப்போது மின்சார ஸ்கூட்டரும் தயாராகிறது. ஆனாலும் பழைய காரை விட மனம் இல்லாத குடும்பங்கள் இங்கும் உண்டு. அவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது.

15 வயது

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. 2029-ம் ஆண்டில் கடைசி வண்டிகளுக்கும் 15 வயது ஆகிவிடும்.

அதனால் என்ன? சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு இதற்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. பணம் கட்டினால் மட்டும் போதாது. வண்டியும் திடமாக இருக்க வேண்டும். துரு தின்ற காருக்கு அது கஷ்டம்.

துரு வரும் வழி

துரு வருவதற்கு ஜன்னலும் ஒரு வழி. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை மெக்கானிக்குகள் "பீடிங்" என்பார்கள். வெயிலிலும் காற்றிலும் அது காய்ந்து வெடிக்கிறது. மழை நீர் கதவுக்குள் இறங்குகிறது. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் நீர் தேங்கும். தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

கதவின் ரப்பரைச் சோதிப்பது எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடுங்கள். காகிதம் சுலபமாக உருவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

உங்கள் காருக்கு உரிய பீடிங்கையே வாங்குங்கள். பழைய பசையையும் துருவையும் சுரண்டி எடுங்கள். புது ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது. நாளடைவில் சுருங்கி இடைவெளி விடும். சோப்பு நீர் தடவினால் வழுக்கி உட்காரும். பெட்ரோல், மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். ரப்பர் ஊதிக் கெடும். கடைசியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பழைய காரை வைத்திருப்பதா, விடுவதா? அது அவரவர் விருப்பம். ஆனால், வைத்திருக்க நினைப்பவர்கள் 15-வது ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த மழைக்கு முன்பே ஜன்னலைப் பாருங்கள்.