வள்ளம் கட்டலாம், விமானம் கூடாதா?

1934-ம் ஆண்டு வானூர்திச் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் 'பாரதிய வாயுயான்' சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்குகிறது, அதை விடுவோம். உள்ளே புதிதாக நுழைந்திருக்கும் சொல் 'வடிவமைப்பு'. இனி விமானத்தைக் கட்டுவது மட்டுமல்ல, வரைவதும் அரசின் கட்டுக்குள். தொண்ணூறு வருஷத்துக்கு ஒருமுறை சட்டத்தைப் புதிதாக எழுதுகிறவர்களுக்கு, வீட்டுக் கொட்டகையில் தனக்கென ஒரு சின்ன விமானம் கட்ட நினைப்பவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். எதைக் கேட்டாலும் அதுதானே பதில்! அமெரிக்காவில் விமானம் கட்டும் வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகத் தானே செய்தவனுக்குப் பறக்க வழி இருக்கிறது. 'வேன்ஸ்' என்கிற ஒரே கம்பெனி பெட்டியில் போட்டு விற்கும் பாகங்களை வாங்கி, கார் ஷெட்டில் ரிவெட் அடித்துப் பறக்கவிட்டவை மட்டும் 11,000-க்கு மேல். நம் விமான நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் இருப்பதைக் கூட்டினால் ஆயிரம்கூடத் தேறாது. அந்தப் பதினோராயிரத்தைத் திரும்பவும் வாசியுங்கள்.

ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன், கொரோனா முடக்கத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸில் தென்னாப்பிரிக்க 'ஸ்லிங்' பாகங்களைப் பூட்டி, நாலு பேர் உட்காரும் விமானத்தில் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவோ, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, 2017 நவம்பரில்தான் பதிவு வாங்கினார். பதிவுக் குறியில் பிரதமர், முதல்வர் பெயர்களின் முதலெழுத்துகள்: என்.எம்.டி. தச்சு வேலைக்குத் தலைவர்களின் தயவு வேண்டியிருக்கிற தேசம் இது.

சரக்கல்விளை சிவனையும் மேலக்காட்டுவிளை நாராயணனையும் இஸ்ரோ தலைவர்களாகக் கொடுத்தது இந்தக் குமரி மாவட்டம். ராக்கெட்டுக்கு ஆள் எடுப்பீர்கள். ரிவெட் அடிக்க விடமாட்டீர்கள். 1980-களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் பலகைகளை இணைத்துப் பிசின் பூசிப் படகு கட்டினார். அந்தக் கைப்பழக்கம் இன்றும் கரையில் இருக்கிறது. மரத்தில் கட்டும் சின்ன விமானத்தின் இறக்கைக்கும் வேண்டியது அதுதான்: மெல்லிய பலகை, பிசின், ஃபைபர் துணி, பொறுமை. வழியைத் திறந்துவிட்டால் பத்தே ஆண்டில் குளச்சலிலிருந்து குட்டி விமானம் ஏற்றுமதியாகும். டெல்லி கோப்புகளில் இறக்கை முளைக்கும்வரை காத்திருந்தால் ஆகாது.

போன வாரம் குளச்சல் கரையில் ஒரு பையன் ஃபைபர் வள்ளத்தின் உள்பக்கம் ரோலர் உருட்டிக் குமிழி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு குமிழி நின்றாலும் அலை அங்கேதான் பிளக்கும் என்றான். விரல் இடுக்கெல்லாம் பிசின் காய்ந்து கண்ணாடியாகிக் கிடந்தது. இதற்கே ரெண்டு றெக்கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

நிமிரவே இல்லை. "போலீசு வரும், சாரே."