குசினியா, கண்காட்சிக் கூடமா?

சுவரோடு அலுமாரிகள் பொருத்திய நவீன சமையலறையின் முன்னோடி, 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே சூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் வடிவமைத்தது. சிக்கனமே அதன் நோக்கம். நம்மவரோ அதனைப் பகட்டாக்கிவிட்டனர்.

யாழ்ப்பாணத்துப் புதுவீடுகளில் ‘பான்ட்ரி’ என்று நான் காண்பது என்ன? வெளியே கண்ணைப் பறிக்கும் கதவு. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கழுவுதொட்டி கசிந்தால் ஊதி உதிர்ந்துவிடும். விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

பணம் குறைவா? தொட்டியின் கீழே சீமெந்துத் தட்டுக் கட்டுங்கள். கதவுக்கு அலுமினியம் போதும். மிச்சத்தை நல்ல பிணைச்சல்களுக்குச் செலவிடுங்கள். பலகையின் வகையை விலைக்கூற்றில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விறகடுப்பையும் புகைக்கூட்டையும் மட்டும் இடித்துவிடாதீர்கள். 2022இல் எரிவாயுவுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. மினுக்கத்தில் சோறு வேகாது.