இரைச்சலா, இசையா?

ஒசூர்த் தொழிற்சாலையில் வேலை முடித்துத் தளிக்குத் திரும்புகிறான் மகன். கைப்பேசியைத் தட்டியதும் மின்கிதார் அலறுகிறது, டிரம்ஸ் அதிர்கிறது. "இதென்ன காட்டுக் கூச்சல்!" என்று சீறுகிறார் தந்தை. இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கும் வழக்கு இது. நியாயம் யார் பக்கம்?

தீர்ப்புக்கு முன் சாட்சியை விசாரிப்பதே முறை. தளியை அடுத்த எல்லைக்கு அப்பால், பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' குழு 2012-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்பது அதன் பெயர். அதிலுள்ள ஒரு பாட்டு, 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'. பெயர்தான் ஆங்கிலம், உள்ளே இருப்பதோ தியாகராஜ சுவாமிகளின் 'பண்டுரீதி கொலு'. ராகம் ஹம்ஸநாதம். ராமனிடம் காவற்சேவகனாக வேலை கேட்கும் கீர்த்தனை அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தளியில், அதன் பொருள் தந்தைக்கே மகனைவிட நன்றாக விளங்கக்கூடும்!

"கீர்த்தனை சரி, வாத்தியம் அந்நியமாயிற்றே!" என்பர் சிலர். வயலின் எங்கிருந்து வந்ததாம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரின் அந்த வாத்தியத்தைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொணர்ந்தார். இன்று அது இல்லாத கச்சேரி அபூர்வம். சத்தம்தான் குற்றமென்றால், கோயில் வீதியை அதிரவைக்கும் தவிலையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சான்பிரான்சிஸ்கோவின் 'புளூ சியர்' குழுவினர் மூவரே. 1968-இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டு 'வின்சிபஸ் எரப்டம்'. வெறும் இரைச்சல் என்று அதை இகழ்ந்தோர் உண்டு. பின்னாளில் அதுவே 'ஹெவி மெட்டல்' இசையின் முன்னோடிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

இதனால் சத்தமெல்லாம் சங்கீதமாகிவிடாது. இவ்வழியில் வரும் இளைஞர்கள் ஒன்றை மறக்கலாகாது. கீர்த்தனைக்கு உயிர் சாகித்தியம். சொல் காதில் விழாதபடி கிதார் மூடிவிட்டால், ராகம் மிஞ்சினாலும் பக்தி மிஞ்சாது. அங்கே தந்தையின் கோபம் நியாயமே.

ஆகவே மகன் ஒலியைச் சற்றுக் குறைக்கட்டும். தந்தை ஒரு தரம் உட்கார்ந்து கேட்கட்டும். பாட்டு முடிந்ததும், கிதார் இல்லாத 'பண்டுரீதி'யை மகனுக்கு அவர் போட்டுக் காட்டட்டும். கதவைச் சாத்திவிட்டால் மகனுக்குத் தியாகராஜரும் இல்லை. தந்தைக்கு மகனும் இல்லை.