2011-ல் வந்த கேமுக்கு இன்னும் ஏன் ஓடுகிறார்கள்? ஸ்கைரிமும் கொல்லிமலை ரோடும்

காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏறுகிறவர்கள் யாரும் நினைத்த நேரத்துக்கு மேலே போய்ச் சேர்வதில்லை. வாசலூர்பட்டி படகு இல்லம் என்றுதான் பிளான் இருக்கும். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நாலு இடத்தில் வண்டி நின்றுவிடும். சோளக்காட்டில் அன்னாசி, பலா. ரோட்டோரத்தில் முடவாட்டுக்கால் சூப். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி. படகில் உட்காரும்போது பாதிப் பொழுது போயிருக்கும். அதுக்காக யாரும் வருத்தப்படுவதில்லை. அடுத்த லீவுக்கு அதே வளைவுகளில் மறுபடி ஏறுவார்கள்.

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' விளையாடுகிறவர்களும் இதே மாதிரிதான்.

அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11-ல் வெளியிட்ட ஓப்பன் வேர்ல்ட் ஃபேன்டஸி கேம் இது. பனிமலை நாடு, டிராகன்கள், வாள், மந்திரம். 2023-ல் 6 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அதன் இயக்குநர் டாட் ஹோவர்டு சொன்னார். 2016-ல் ஸ்பெஷல் எடிஷன், 2017-ல் ஸ்விட்ச் மற்றும் விஆர், 2021-ல் ஆனிவர்சரி எடிஷன் என ஒரே கேமைத் திரும்பத் திரும்ப விற்றார்கள். 2018-ல் அலெக்ஸாவில் குரலிலேயே விளையாடும் ஸ்கைரிம் என்று தங்களைத் தாங்களே கிண்டல் செய்து வீடியோ போட்டார்கள். கிண்டலோடு நிற்காமல் நிஜமாகவே அதைக் கொண்டும் வந்தார்கள்!

ஒருதடவை முடித்த கேமில் மறுபடி என்ன இருக்கிறது?

முடிக்காமல் விடும் சுகம்

கதைக்காக யாரும் திரும்பி வருவதில்லை. உலகத்தை அழிக்க ஒரு டிராகன் வருகிறது, ஹீரோ தடுக்க வேண்டும். அவ்வளவுதான் மெயின் கதை. நம்ம ஊர் மாஸ் படத்தில் இதைவிட நல்ல திருப்பம் இருக்கும்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. டிராகன் வந்துவிட்டது என்று ராஜாவிடம் சொல்ல ஓடச் சொல்வார்கள். ஓட வேண்டிய அவசியமே இல்லை. டைமர் கிடையாது. நடுவில் செடி பறித்து மருந்து காய்ச்சலாம், வீடு கட்டலாம், குழந்தையைத் தத்தெடுக்கலாம். உலகம் அழியாமல் காத்திருக்கும். திரையின் மேலே ஒரு திசைகாட்டி இருக்கிறது. இன்னும் போகாத இடங்கள் பக்கத்தில் இருந்தால் அதில் சின்னச் சின்ன குறிகள் தெரியும். 'அது என்னன்னு பார்த்துட்டுப் போயிடலாம்' என்று ஒரு தடவை திரும்பினால் போதும், அன்றைய ராத்திரி காலி.

இது தானாக நடப்பதில்லை. 2017-ல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமை உருவாக்கியவர்கள் அதே ஆண்டு ஜப்பானில் நடந்த ஒரு டெவலப்பர் மாநாட்டில் இந்த வித்தையை விளக்கினார்கள். நிலப்பரப்பை முக்கோணங்களாக அமைப்பார்களாம். எதிரில் ஒரு குன்று. அதில் ஏறுவதா, சுற்றிப் போவதா என்று விளையாடுகிறவர் யோசிப்பார். எந்தப் பக்கம் போனாலும் அதுவரை மறைந்திருந்த ஒன்று கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

புது ஆளாகத் தொடங்கி, பழைய வில்லாளியாக

திரும்பி வருகிறவர்களில் நிறைய பேர் பழைய சேவ் ஃபைலைத் திறப்பதில்லை. புதுசாக ஒரு கேரக்டர் உருவாக்குகிறார்கள். போன தடவை வாள் வீரன், இந்தத் தடவை மந்திரவாதி. ஆபீஸில் ஒரே வேலையை மூணு வருஷமாகச் செய்கிறவருக்கு, முதல் லெவலில் இருந்து வேறு ஆளாகத் தொடங்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது?

இதில் ஒரு காமெடியும் உண்டு. எப்படித் தொடங்கினாலும் கடைசியில் எல்லாரும் இருட்டில் பதுங்கி அம்பு விடும் வில்லாளியாகத்தான் முடிவார்கள். 'ஸ்டெல்த் ஆர்ச்சர்' மீம் உலகப் பிரசித்தம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூறு புகழும் ஓரியின் மலையில் இந்த மீம் கொஞ்சம் கூடவே எடுபடும்.

மாட்கள் இன்னொரு பெரிய காரணம். கேமை மாற்றி அமைக்கும் கருவியை 2012-லேயே பெதஸ்டா இலவசமாகக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு ரசிகர்கள் புது ஊர், புது கதை, புது முகம் என்று சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் செய்த 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற மாட், 2016-ல் அந்த நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதை வாங்கியது. 2021-ல் அது தனி கேமாகவே வெளிவந்தது.

இந்த உழைப்பில் பெரும்பகுதி சம்பளமில்லாத உழைப்பு. கேம் சாகாமல் இருப்பதன் லாபம் கம்பெனிக்கு. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் மாட்களை விலைக்கு விற்க முயன்றபோது, உருவாக்கியவருக்கு 25 சதவீதம்தான் என்று வைத்தார்கள். ரசிகர்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே திட்டம் வாபஸ்.

நாமா வருகிறோம், வரவைக்கிறார்களா?

ஸ்கைரிமை ஆறு மாசம் திறக்காமல் விட்டாலும் அது ஒன்றும் கேட்காது. நோட்டிஃபிகேஷன் வராது, எந்தப் பரிசும் பறிபோகாது. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

இப்போது போனில் இருக்கும் ஓப்பன் வேர்ல்ட் ஃபேன்டஸிக்கு வருவோம். 2020 செப்டம்பரில் வந்த 'ஜென்ஷின் இம்பாக்ட்' இலவசம்; பார்க்க அவ்வளவு அழகு. அதன் மலைகளில் சுற்றுவதும் நிஜமான சந்தோஷம்தான். ஆனால் தினமும் நாலு சின்ன வேலைகள் கொடுக்கும். இன்று செய்யாவிட்டால் இன்றைய பரிசு போச்சு. 'ரெசின்' என்ற சக்தி 8 நிமிஷத்துக்கு ஒன்று வீதம் ஊறும். 200 ஆனதும் ஊறுவது நின்றுவிடும். அதாவது 26 மணி நேரம் 40 நிமிஷத்துக்கு மேல் எட்டிப் பார்க்காவிட்டால் நமக்கு நஷ்டம் என்று மனசு கணக்குப் போடும். அரிய கேரக்டர்கள் குலுக்கலில் கிடைப்பவை. 90 முயற்சிக்குள் ஒரு ஐந்து நட்சத்திர கேரக்டர் கட்டாயம் வரும். அது நீங்கள் ஆசைப்பட்டவராகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பொறுமை போனால் பர்ஸ் திறக்கும்.

ஸ்கைரிமுக்குப் போவது ஊருக்குப் போவது மாதிரி என்றால், இது அட்டெண்டன்ஸ் மாதிரி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் 'தினமும் கேம் ஆடுறான்' என்றுதான் தெரியும்.

அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த வித்தியாசத்தைக் கையில் எடுத்தது. ஜென்ஷின் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குலுக்கல் விற்கக் கூடாது, எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பவை நிபந்தனைகளில் சில.

நம்ம ஊரில் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்குத் தடை போட்டன. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுக்கவே பணப் பந்தய ஆன்லைன் கேம்களுக்குத் தடை கொண்டுவந்தது. இரண்டின் குறியும் ரம்மி, போக்கர் போல பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள். பணம் கட்டி, ஒரு கார்ட்டூன் வீரனை ஜெயிக்கும் குலுக்கல் இந்த விவாதத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது. அதை ஆடும் பள்ளிப் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் போன், அதில் அப்பாவின் யுபிஐ.