ஆஸ்பத்திரி வாசலில் வயோதிகர்

வயோதிகர் ஒருவர் கீழே விழுந்துவிட்டாரென்றோ, திடீரெனப் புத்தி தடுமாறுகிறதென்றோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டால், "வயதாகிவிட்டது" என்ற ஒரே வார்த்தையில் காரணத்தை முடித்துவிடுவோர் பலர். ஆனால், காரணம் நிமோனியாவாயிருக்கலாம், சாப்பிடும் மருந்துகளின் மிகுதியாயிருக்கலாம், நீர்க்கட்டாயிருக்கலாம். இவை தீர்க்கக்கூடியவை. கண்டறியக் காலந் தாழ்த்தினாலோ, படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் தசையின் பலத்தைக் குறைத்து, நடந்து வந்தவரை நடக்கமாட்டாதவராக்கிவிடுகிறது.

இதை இங்கிலாந்தில் செய்து காட்டியவர் டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையார். 1935-ல் வெஸ்ட் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரியுடன் பக்கத்து ஏழையர் விடுதியின் நோயாளிகள் சேர்க்கப்பட்டபோது, தீராத நோயினரென்று படுக்கையில் விடப்பட்டிருந்தவர்களை அவர் ஒவ்வொருவராகப் பரீக்ஷித்து, தக்க சிகிச்சை அளித்தார். பலர் எழுந்து நடந்தனர், வீடு திரும்பினர்.

2017-ல் காக்ரேன் ஸ்தாபனம் 29 ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்ட முடிவும் இதற்கு அனுசரணையானதே. வைத்தியர், நர்ஸ் முதலியோர் கூடி, தேகநிலை, மனநிலை, மருந்து, வீட்டுநிலை யாவற்றையும் ஆராய்ந்து சிகிச்சை வகுத்தால் மரணம் பெரிதும் குறைவதில்லை. ஆயினும், பின்னர் தம் வீட்டிலேயே வாழ்வோர் தொகை அதிகமாகிறது. வயோதிகர் விரும்புவதும் இதுவன்றோ?

ஆகவேதான், நோயாளி வந்த 30 நிமிஷத்திற்குள் அவரது தளர்ச்சியை மதிப்பிடுவதை இங்கிலாந்தின் பொது வைத்திய இலாகா 2019-ல் இலக்காக வகுத்தது. இதற்கு வழங்கும் கனடா தேசத்து அளவுகோலுக்கு ஒன்பது படிகள். இன்று கிடக்கும் கிடையை அது கணக்கிடுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்பதையே கேட்கிறது.

இதில் அபாயமும் உண்டு. 2020 மார்ச்சில், கொரோனாக் காலத்தில், தீவிர சிகிச்சைக்குரியவரைத் தீர்மானிக்க இவ்வளவுகோல் அங்கே சிபார்சு செய்யப்பட்டது. இளவயதினருக்கும் நிலையான ஊனமுற்றோருக்கும் இது பொருந்தாதென்று கண்டனம் எழவே, சில தினங்களில் விதி திருத்தப்பட்டது. தளர்ச்சியை அளப்பது சிகிச்சையைச் செம்மையாக்கவேயன்றி, மறுப்பதற்கன்று.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் முதியோர் வைத்தியப் பிரிவு 1978-லேயே தொடங்கியது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கெனத் தனி ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆயினும், நள்ளிரவில் விழுந்த கிழவி வந்து சேருவது ஜில்லா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிற்கே. அங்குள்ள வைத்தியருக்கும் நர்ஸுக்கும் இப்பயிற்சி கிடைக்கவேண்டும். உடன் செல்லும் உறவினரும், "சென்ற மாதம் தாமே சமைத்தாள், தாமே கோயிலுக்குப் போனாள்" என்று தயங்காமல் சொல்லவேண்டும். அவ்வொரு செய்தியே சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடும்.